அம்மா நெற்றியில் எட்டணா அளவு ஓட்டை

நைனா,

இன்றைக்குத் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் மார்க் ஷீட்டை லேமினேஷனுக்குக் கொடுத்திருந்தாள். மெஷின் சூடேறி அந்த வாசனை எழும்பியது பார், டெரிகாட்டன் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த மாதிரி ஒரு வாசனை, அவ்வளவுதான், நீ வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாய். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இன்னும் லேமினேஷன் மெஷினைக் கண்டால் ஆளை நம்பாமல் வந்து நிற்கிறாயே, சரிதான் போ.

என் கையில் மஞ்சள் பை, பைக்குள் அம்மா போட்டோ. பையின் வாயை முறுக்கிப் பிடித்திருந்தேன். கடைக்காரப் பையன், முப்பது வயசு இருக்கும், "குடுங்கக்கா, பாத்துடலாம்" என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. "நீ மொதல்ல அவங்க வேலைய முடி. அப்பாலிக்கா என்னுத பாக்கலாம்" என்றேன். குரல் என்னுது, பேச்சு உன்னுது.

அம்மாவுக்கென்று இருந்தது அந்த ஒரு போட்டோதான். கல்யாணமான புதிதில் நீ ராயபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. கட்டம் போட்ட சேலை, மடியில் கை, சிரிக்கலாமா வேணாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வாய். "நீ ஏன் நைனா கூட நிக்கல?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "என் சட்ட கலீஜா இருந்துச்சி" என்பாய். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அவள் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இருமல் ஞாபகம் இருக்கிறது, முகம் மட்டும் அந்தப் போட்டோவைப் பார்த்தால்தான் வரும். அது அழிந்தால் எனக்கு அம்மா முகமே கிடையாது. இது உனக்கும் தெரியும்.

காலடிப்பேட்டை வீட்டில் எதுதான் அழியாமல் இருந்தது? கடல் காத்து. ஜன்னல் கம்பி பொருபொருவென்று உதிரும், சுவரில் உப்பு பூக்கும், பீரோவின் கால் கரைந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. போட்டோவின் கண்ணாடி எப்போதோ உடைந்து, வெறும் சட்டத்தோடுதான் அம்மா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் நீ குளித்துவிட்டு, மோதிர விரலில் குங்குமம் எடுத்து, அந்தக் காகிதத்தின் மேலேயே அவள் நெற்றியில் வைத்து அழுத்தி, லேசாக ஒரு திருகு திருகுவாய். சாமி படத்துக்குக்கூட அந்தத் திருகு கிடையாது. வைத்து வைத்து அந்த இடத்தில் குங்குமம் பொருக்குத் தட்டி நின்றது.

நான் வேலை தேடிக்கொண்டிருந்த வருஷத்து மழையில் சுவர் ஊறி, போட்டோவின் கீழ் மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. துடைத்தால் மறுபடி வந்தது. சேலைக் கரையைத் தின்றுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நைனா, இத்த இப்டியே வுட்டா அம்மா போய்டும். லேமினேஷன் பண்ணிடலாம்."

"லேமினேஷனா? சூடு வைப்பானே."

"எல்லாரும்தான் பண்றாங்க."

"எல்லாரும் ஏமாந்துகினுதான் கீறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டு கேட்டில் நிற்கிற வேலை உனக்கு. காலி லாரியை எடை போடும்போது நாலு தடியன்கள் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டிருப்பார்கள், இரும்பு ஏற்றிக்கொண்டு வரும்போது இறங்கி நின்று பீடி பிடிப்பார்கள், அவர்கள் எடைக்கு இரும்பு கணக்கில் வராமல் வெளியே போய்விடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் உனக்குச் சம்பளம். "சந்தேகப்படாதவனுக்கு கேட்டாண்ட இன்னா வேல?" என்பாய், பெருமையாக வேறு. அந்த வேலை வீட்டுக்கு வந்தும் முடியாது. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பாய். தர்பூசணிக்காரன் தட்டிக் காட்டினால், "அவன் தட்ற மாதிரி தட்னா எல்லாம் பழந்தான்" என்று வாங்கி நீயே ஒருமுறை தட்டுவாய். உன்னோடு கடைக்கு வருவது பெரிய பேஜாரு நைனா.

ஆனாலும் நீ சும்மா இருக்கவில்லை. ஒருநாள் வேலை விட்டு வந்து சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாய். வேலைக்கு மனு போட நான் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மெஷினில் விட்டிருந்தது. என் கன்னத்தில் பெரிதாக ஒரு கொப்புளம்.

"இன்னா நைனா இது!"

"சூட்டுல ஆயிடுச்சி. அத்த பாக்கத்தான் குடுத்தேன். உங்கம்மாவ குடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"அப்ப என் மூஞ்சி போனா பரவால்லியா?"

"நீதான் உயிரோட கீறியே. வேற எடுத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு உனக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது. போட்டேன்.

அதற்கப்புறம்தான் ஆணி காலியானது. போட்டோவை இறக்கி, சட்டத்தை எடுத்துவிட்டு, ரெண்டு அட்டைக்கு நடுவில் வைத்து லுங்கித் துணியால் கட்டி, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாய். போவாய், திரும்பக் கொண்டு வருவாய். மறுநாளும் அப்படியே. தண்டையார்பேட்டையிலிருந்து அத்தை வந்தாள். உன் தங்கச்சியாச்சே, சந்தேகத்தில் உனக்கு ஒரு படி மேலே. வந்ததும் வராததுமாக ஆணியைப் பார்த்துவிட்டாள்.

"எங்க அண்ணி போட்டோ எங்கடி?"

"நைனா லேமினேஷனுக்கு எடுத்துகினு போயிருக்காரு அத்த."

"போன தபா வந்தப்பவும் இத்தான் சொன்னே. ஒரு காயிதத்துக்கு பிளாஸ்டிக் போட எத்தினி நாளாவும்? இன்னாமோ கீதுடி. செவுத்துலேர்ந்து பொண்டாட்டிய எறக்கற ஆம்பள, மனசுல இன்னா வச்சிக்கினு எறக்கறானோ."

அவள் போட்டுவிட்டுப் போன பொறி எனக்குள் நன்றாகவே பற்றிக்கொண்டது. உன் ரத்தம்தானே என்னுது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊத்திக்கொண்டு உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன். லீவு நாளில் எதற்கு இவ்வளவு வழவழவென்று ஷேவிங்? தலைக்கு எண்ணெய் எதற்கு? ராயபுரம் பஸ் ஏறுகிறாயே, அங்கே என்ன வேலை? "கடையில குடுத்துட்டு வரவேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டதற்கு, பெற்ற பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வா என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாய். பதிலே சொல்லவில்லை. பதில் சொல்லாதவனைத்தான் முதலில் பிடிக்கணும் என்று நீதானே சொல்வாய்?

அடுத்த லீவு நாளில் நானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். பஸ்ஸில் நீ ஜன்னலோரம், மடியில் அந்தத் துணிக் கட்டு. கல்மண்டபம் பக்கத்தில் இறங்கி, ஒரு சந்துக்குள் நீ விறுவிறுவென்று நுழைந்தாய், நான் பின்னால் ஓடினேன். பழகின கால்.

அத்தை கற்பனை செய்து வைத்திருந்த பொம்பளை அங்கே இல்லை. போட்டோவுக்கு பிரேம் போடுகிற, லேமினேஷன் செய்கிற கடை, அதில் வெள்ளைத் தாடியோடு ஒரு பாய். உன்னைப் பார்த்ததும் அவர் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கினார்.

"வாங்கண்ணே. இன்னிக்காவது குடுக்கப் போறீங்களா, இல்ல இன்னிக்கும் பாத்துட்டுப் போறதுதானா?" என் பக்கம் திரும்பினார். "பொண்ணா? வாம்மா. உங்க நைனா வருவாரு, நான் பண்ற வேலைய பாப்பாரு, போய்டுவாரு. மறுவாட்டி வருவாரு, பாப்பாரு, போய்டுவாரு. நான் எவனோ பெட்டிஷன் போட்டு ஆபீசுலேர்ந்து ஆள் வந்துகீதுன்னு நெனச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நீ சிரிக்கவில்லை. "இன்னொரு தபா எல்லாத்தையும் சொல்லு பாய், பொண்ணு கேக்கட்டும்" என்றாய்.

அவர் அலுத்துக்கொள்ளாமல் மேஜை மேல் எடுத்து வைத்தார். சூடு வைக்கிறது சர்டிபிகேட்டுக்குச் சரி, பழைய போட்டோவுக்கு ஆகாது, மேல் பூச்சு இளகிவிடும். பலகை மேல் ஒட்டி, சொரசொரவென்று ஒரு ஷீட் போட்டு, ஓரம் சீவித் தருவது ஒன்று, கல்யாண போட்டோவுக்கெல்லாம் இப்போது அதுதான். மூன்றாவது, சூடே இல்லாமல், பசை தடவின ஷீட்டை மேலே வைத்து ரப்பர் உருளையால் அழுத்தி ஒட்டுவது. ஒட்டினால் ஒட்டினதுதான், அப்புறம் பிரிக்க முடியாது.

"பலகைல ஓரத்த எவ்ளோ சீவுவே?"

"கொஞ்சந்தாண்ணே."

"கொஞ்சம்னா? அந்த ஓரத்துலதான் அவ முந்தானி கீது."

பலகை அதோடு போனது. உருளையால் ஒட்டின ஒரு சாம்பிளை வாங்கி ஓரத்தை நகத்தால் கீறினாய். மடக்கினாய். அவர் குடித்துக்கொண்டிருந்த டீ கிளாசிலேயே அதை முக்கி எடுத்து, மறுபடி நகத்தால் கீறினாய். "பிரியல" என்றாய், ஏதோ ஏமாந்துபோன ஆள் மாதிரி.

"பிரியாதுண்ணே. குடுங்க."

கடைசியில் அந்தத் துணிக் கட்டை அவிழ்த்தாய். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூலைல பூத்தத காயவச்சி எடுத்துடலாம். இந்த குங்குமத்தையும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே பஞ்சை எடுத்தார்.

உன் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. நான் உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"கைய எடு."

"தூளு மேல பசை நிக்காதுண்ணே. தொடச்சிட்டு ஒட்டிட்டா, ஷீட்டு மேல நீங்க புதுசா வச்சிக்கலாம்."

"தொடைக்கிறதா? இன்னா பாய் பேசற? கல்லு மாதிரி உன் முன்னாடி நிக்கிறேன். புருஷன் உயிரோட இருக்கசொல்ல எம் பொண்டாட்டி நெத்தில பொட்ட அழிப்பியா நீ?"

கடையில் பிரேம் அடித்துக்கொண்டிருந்தவன் சுத்தியலை நிறுத்திவிட்டான். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எத்தனை கடை ஏறினாயோ, எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போ, சாயங்காலம் வா என்றிருக்கிறார்கள். "உள்ள எடுத்துகினு போய் தொடச்சிட்டு, புதுசா ஒண்ணு வச்சிக் குடுத்தா எனக்கு எப்டித் தெரியும்?" என்று பாயையே கேட்டாய். யார் வீட்டிலோ ஒரு பொம்பளையின் புருஷன் செத்தால் சொந்தக்காரிகள் கூடிச் செய்கிற காரியத்தை, உன் கண் மறைவில் ஒரு பஞ்சுத் துண்டு செய்துவிடும் என்று பயந்து, அவளைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் காவல் காத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். நான் அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன் நைனா.

பாய் பஞ்சை மேஜை டிராயரில் போட்டு, நீ பார்க்கிற மாதிரியே மூடினார். "எனக்கு தோணலண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணி வேற பிரிண்ட் போட்டு மாட்டிக்கலாமா நைனா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"அந்தப் பொட்டிய மூடிட்டா உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியுமா? அத்த வுடு. காப்பிக்குப் பொட்டு வச்சா அது யாருக்கு வச்சதாவும்?"

நீயே யோசித்து, நீயே ஒரு வழி சொன்னாய். "ஷீட்ட ஒட்டு பாய். அந்த எடத்துல மட்டும் ஓட்ட போட்டுடு."

"ஓட்டையா? காத்து பூந்துடுமேண்ணே."

"காத்து வந்தா வரட்டும். எவன் கையும் வரக்கூடாது."

பாய் ஒரு எட்டணாக் காசை ஷீட்டின் மேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, சின்னக் கத்திரியால் வெட்டி எடுத்தார். மூலையை விளக்குச் சூட்டில் காயவைத்தார். அம்மா நெற்றிக்கு நேராக அந்த ஓட்டை வருகிற மாதிரி ஷீட்டை இறக்கி, பின்பக்கம் ஒன்று ஒட்டி, உருளையை மெதுவாகத் தள்ளினார். உருளை கழுத்தைத் தாண்டி முகத்துக்கு வந்தபோது நீ குனிந்துவிட்டாய், உன் தலை அவர் தலையில் முட்டியது. "அண்ணே, நீங்களே ஒட்டிக்கிறீங்களா?" என்றார். "நீயே ஒட்டு, ஆனா பாத்து" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை அதே ஆணியில் அம்மா. மோதிர விரலை ஓட்டைக்குள் வைத்து, அழுத்தி, ஒரு திருகு. அத்தை வந்து, "இன்னாடி இது, நெத்தில பொத்தல்?" என்று கேட்டாள். நான் சொன்னதும் கிட்டப் போய் ஓட்டையைப் பார்த்தாள். அப்புறம் உன்னைக் கண்டபடி திட்டிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். பாசம் வந்தால் அவளுக்குத் திட்டத்தான் வரும்.

பாய் சொன்ன மாதிரியே ஆனது. சேலை, கை, வாய் எல்லாம் அன்றைக்கு ஒட்டின மாதிரியே நின்றது. ஈரக்காத்து ஓட்டை வழியாக மட்டும் உள்ளே போய், குங்குமத்தைக் கரைத்து, ஷீட்டுக்கு அடியில் மெல்லப் பரப்பியது. முதலில் பொட்டைச் சுற்றி ஒரு வளையம். அப்புறம் புருவம். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நீ, அந்த ஓட்டையை மட்டும் சந்தேகப்படவே இல்லை. "நைனா, கண்ணாண்ட வந்துடுச்சி" என்று காட்டினேன். பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "வரட்டும். அவளுக்கு செவப்பு புடிக்கும்" என்றாய். எனக்குப் பிடிக்குமா என்று நீ கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அவள் முகம் நைனா. அதை நான் உன்னிடம் சத்தமாகச் சொல்லியிருப்பேன், உன் விரல் ஓட்டையைத் தடவித் தேடுகிறதைப் பார்க்காமல் இருந்திருந்தால். அப்போதே உனக்குக் கண் மங்கிவிட்டிருந்தது.

நீ போன பிறகு வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. வைத்தேன். வைக்க வைக்கச் சிவப்பு இறங்கியது. இடது கண் போய்விட்டது. போன வாரம் அத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ குடுத்து வச்சவ, முன்னாடியே போய்ட்டா. இனிமே பொட்டு வைக்க அவனே இல்லியே. ஓட்டைய மூடிடுடி. மிச்ச முகமாவது உனக்கு நிக்கட்டும்." நியாயம்தான். ஆனால் எனக்கு அத்தை மேல் சந்தேகம், கடைக்காரன் மேல் சந்தேகம், கடைசியில் என் மேலேயே சந்தேகம். முகம் வேணும் என்று ஆசைப்பட்டு, நீ அவ்வளவு காவல் காத்ததை நான் நிறுத்தப் பார்க்கிறேனோ?

அந்தச் சந்தேகத்தோடுதான் இன்றைக்குத் தேரடியில் நின்றேன். மார்க் ஷீட்காரி போனதும் பையைப் பிரித்துக் காட்டினேன். பையன் விசில் அடித்தான்.

"இன்னாக்கா இது, நெத்தில ஓட்ட? ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல செவப்ப எடுத்துட்டு, கண்ண சூப்பரா வரைஞ்சி தரேன்."

"நீ வரையற கண்ணு எங்கம்மாவுத இல்ல. ஓட்டைய மட்டும் மூடணும்."

"சரி. பஞ்சு வச்சி உள்ள கிளீன் பண்ணிட்டு ஒரு பேட்ச் போட்றலாம்."

"தொடாதே!"

நான் கத்தின கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் ரெண்டு கையையும் தூக்கிவிட்டான். "சரிக்கா, சரிக்கா. ஆனா உள்ள தூளு அப்டியே நிக்கும்."

"நிக்கணும்."

கைப்பையிலிருந்து உன் குங்குமச் சிமிழை எடுத்தேன். அவன் மேஜை மேல், அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, மோதிர விரலால் எடுத்து ஓட்டைக்குள் வைத்து அழுத்தினேன். திருகவும் செய்தேன். காகிதம் விரலில் பட்டது, சில்லென்று. அப்புறம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஷீட்டை வெட்டச் சொன்னேன். அவன் அதை ஓட்டையின் மேல் வைத்து, சுற்றிலும் அழுத்தினான். நான் குனிந்தேன். "தலைய எடுங்கக்கா" என்றான். எடுக்கவில்லை.

இனி ஈரம் உள்ளே போகாது. மிச்சமிருக்கிற வலது கண்ணும் அந்த யோசிக்கிற வாயும் எனக்கு நிற்கும். அந்தப் பொட்டையும் இனி யாராலும் துடைக்க முடியாது, பஞ்சாலும் முடியாது, அத்தையாலும் முடியாது, என்னாலும் முடியாது. நீ நிம்மதியாகப் போய் உட்காரலாம்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். பிரியவில்லை நைனா.

வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டியாயிற்று. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மோதிர விரலில் இன்னும் அந்தச் சிவப்பு இருக்கிறது, கையைக் கழுவ மனசு வராமல் உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.